கருவியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2010 ஜனவரி முதலாம் திகதி புதிய அனுமதிப்பத்திரம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பல் சிகிச்சை செய்யும்போது வைத்தியருக்குத் துணை நிற்கும் உதவியாளருக்கான அனுமதிப்பத்திரம் அது. அதற்கான சட்டம் 2008 ஆம் ஆண்டில் மாநில சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. அரசியல் விவகாரங்களையே பெரும்பாலும் எழுதிவந்திருக்கும் நான் இத்தகைய ஒரு விடயத்தை ஏன் கையிலெடுக்கிறேன் என்று வாசகர்கள் வியப்படையக்கூடும். ஒரு மனித உயிருக்கு யார் பொறுப்பு, அந்தப் பொறுப்பை எவ்வளவு மலிவாக இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம் என்ற கேள்விகளுக்கு ஒரு சமுதாயம் எப்படிப் பதில் தேடுகிறது என்பதை அரசியலமைப்பு விவாதங்களில் மாத்திரமல்ல, இத்தகைய சிறிய அனுமதிப்பத்திரங்களிலும் காணமுடியும் என்பது எனது எண்ணம். எம்மவர்கள் இன்று உலகெங்கும் பரந்து வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளும் இந்த நாற்காலிகளில் சாய்ந்து கிடக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். பல் பிடுங்கும்போது ஈறில் போடப்படும் விறைப்பு ஊசியைப் பற்றி நான் பேசவில்லை. அது குறிப்பிட்ட இடத்தை மாத்திரம் மரத்துப்போகச் செய்வது. நோயாளர் விழித்திருப்பார், தானாகவே மூச்சுவிடுவார். இங்கு பேசப்படுவது நாளத்தின் ஊடாகவோ சுவாசத்தின் ஊடாகவோ மருந்து செலுத்தி நினைவை மங்கச்செய்வது அல்லது முற்றாக இல்லாமல் செய்வது. மருத்துவர்கள் இதைப் படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இலேசான தணிவு, மிதமான தணிவு, ஆழ்ந்த தணிவு, முழுமையான மயக்கம் என்பன அவை. ஆனால், இந்தப் படிகளுக்கிடையே சுவர் எதுவும் கிடையாது. மிதமான நிலையில் வைத்திருக்க நினைத்த ஒருவர் சில கணங்களில் ஆழ்ந்த நிலைக்குள் வழுக்கி விழுந்துவிட முடியும். சிறுபிள்ளைகளிடத்தில் இந்த வழுக்கல் இன்னும் எளிதானது. ஆழ்ந்த நிலையில் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கலாம். அல்லது மூச்சே நின்றுபோகலாம். மூளை ஒட்சிசன் இன்றித் தாங்கக்கூடியது சில நிமிடங்கள் மாத்திரமே.

வரலாற்றைப் பார்த்தால் மயக்க மருந்தை உலகிற்குத் தந்தவர்களே பல் வைத்தியர்கள் தான். ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1844 டிசெம்பரில் சிரிப்பூட்டும் வாயு என்று அழைக்கப்படும் நைட்ரஸ் ஒக்சைட்டைச் சுவாசித்துவிட்டுத் தனது சொந்தப் பல்லையே இன்னொருவரைக் கொண்டு பிடுங்கச்செய்தார். அவருடன் முன்னர் இணைந்து தொழில் செய்த வில்லியம் மோர்ட்டன் 1846 ஒக்டோபர் 16 ஆம் திகதி பொஸ்டன் நகரின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதரைப் பயன்படுத்தி நோயாளர் ஒருவரை மயங்கச்செய்ய, சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் கழுத்திலிருந்த கட்டியை அகற்றினார். அன்றைய நிகழ்விலேயே ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. மயக்கியவர் ஒருவர், வெட்டியவர் இன்னொருவர். அடுத்த இரு வருடங்களுக்குள், 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். சிறிய சிகிச்சைக்கும் பெரிய மயக்கத்திற்கும் இடையிலான பொருத்தப்பாடு பற்றிய கேள்வி அன்றே எழுந்துவிட்டது. மருத்துவத்துறை அந்தப் பாடத்தைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டு மயக்கவியலைத் தனியொரு துறையாக வளர்த்தெடுத்தது. ஆனால், அமெரிக்காவின் வாய் மற்றும் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர்களைப் பொறுத்தவரை, ஒரே நபரே மயக்க மருந்தையும் கொடுத்துச் சத்திரசிகிச்சையையும் செய்யும் மரபு இன்றும் தொடருகிறது. அந்த மரபைத் தாங்கி நிற்பவர்கள் தான் நாம் பேசும் உதவியாளர்கள்.

கலிபோர்னியாவின் சட்டம் வந்தபோது அனுமதிப்பத்திரம் கோருபவரிடம் அது எதிர்பார்த்தவை இவை. பல் வைத்திய உதவியாளராகக் குறைந்தது 12 மாதகால அனுபவம் இருக்கவேண்டும். பல் மருத்துவச் சட்டம் பற்றிய இரு மணித்தியாலப் பாடநெறியையும் தொற்றுத்தடுப்புப் பற்றிய எட்டு மணித்தியாலப் பாடநெறியையும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியையும் முடித்திருக்கவேண்டும். அதன் பின்னர் மாநிலப் பல் மருத்துவச் சபை அங்கீகரித்த மயக்கநிலை உதவியாளர் பாடநெறியைப் பூர்த்திசெய்து எழுத்துப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் அந்தப் பாடநெறிக்கு விதித்த ஆகக்குறைந்த கால அளவு 110 மணித்தியாலங்கள்.

அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கு அச்சட்டம் அளித்த கடமைகளும் தெளிவாகவே வரையறுக்கப்பட்டன. இரத்தத்திலுள்ள ஒட்சிசனின் அளவைக் காட்டும் பல்ஸ் ஒக்சிமீற்றர், ஈ.சி.ஜி., வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கும் கப்னோகிராப், இரத்த அழுத்தமானி ஆகியவற்றின் மூலமாக நோயாளரின் நிலையைக் கண்காணிக்கலாம். மருந்தை அடையாளங்கண்டு, குப்பியிலிருந்து சரியான அளவை ஊசிக்குழாயில் எடுக்கலாம். ஆனால், அந்த அளவை வைத்தியர் சரிபார்க்கவேண்டும். ஏற்கெனவே நாளத்தில் பொருத்தப்பட்டிருக்கும் குழாயின் ஊடாக மருந்தைச் செலுத்தலாம். ஆனால், வைத்தியர் நாற்காலியருகே நிற்கவேண்டும் என்பதுடன், எந்தவொரு மருந்தினதும் முதல் அளவை வைத்தியரே செலுத்தவேண்டும். சிகிச்சை முடிந்ததும் அக்குழாயை அகற்றலாம். இவற்றோடு ஒரு முக்கியமான வாசகமும் உண்டு. நோயாளரின் நிலையை மதிப்பிடும் பொறுப்பு வைத்தியருடையதாகவே, அல்லது மயக்க மருந்து கொடுக்க அதிகாரம் பெற்ற வேறு மருத்துவ உத்தியோகத்தருடையதாகவே இருக்கும் என்பது அது.

அந்த வாசகத்தில் தான் முழுச்சிக்கலும் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். உதவியாளர் எண்களைப் பார்ப்பார். ஆனால், அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று தீர்மானிப்பவர் அவரல்ல. தீர்மானிக்கவேண்டியவரோ அந்த நேரத்தில் குனிந்து, விளக்கொளியில், இரத்தமும் எச்சிலும் நிறைந்த சிறிய வாயொன்றுக்குள் புதைந்துகிடக்கும் பல்லோடு போராடிக்கொண்டிருப்பவர். கண் ஒருவரிடம், அதிகாரம் மற்றவரிடம்.

ஏனைய சத்திரசிகிச்சைகளுக்கும் பல் சிகிச்சைக்கும் இடையில் மறந்துவிடக்கூடாத ஒரு வேறுபாடு உண்டு. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்பவர் நோயாளரின் மூச்சுப்பாதைக்கு அண்மையில் செல்வதில்லை. பல் வைத்தியரோ மூச்சுப்பாதையின் வாசலிலேயே வேலை செய்கிறார். நீர், இரத்தம், பஞ்சு, உடைந்த பல்துண்டு எல்லாமே அவ்வழியால் உள்ளே நழுவக்கூடியவை. வாய் திறந்திருப்பதால் மூக்கருகே வைக்கப்படும் குழாய் வெளிவிடும் காற்றைச் சரியாக உறிஞ்சாமற் போகலாம். அப்போது கப்னோகிராப் காட்டும் அளவும் நம்பகமானதல்ல. ஒக்சிமீற்றரோ தாமதமாகப் பேசும் கருவி. மூச்சு நின்ற பின்னரும் இரத்தத்தில் எஞ்சியிருக்கும் ஒட்சிசன் காரணமாகச் சிறிது நேரத்திற்கு அது நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். எண் விழத்தொடங்கும்போது, அதிலும் சிறுபிள்ளைகளில், வெகு வேகமாக விழும். ஆகையால், கருவியை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. மார்பு எழுந்து தாழ்கிறதா, உதட்டின் நிறம் மாறுகிறதா, மூச்சொலி கேட்கிறதா என்று இடையறாது கவனிக்க ஒருவர் வேண்டும். வேறெந்த வேலையும் இல்லாத ஒருவர் வேண்டும்.

இது வெறும் ஊகமான அச்சமல்ல. 2015 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஆரோக்கியமான 6 வயதுச் சிறுவன் ஒருவன், மேலதிகமாக முளைத்திருந்த பல்லொன்றை அகற்றுவதற்காகச் சத்திரசிகிச்சை நிபுணரின் சிகிச்சை நிலையத்தில் மயக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தான். அங்கு மயக்க மருந்தைக் கொடுத்தவரும் சத்திரசிகிச்சையைச் செய்தவரும் ஒருவரே. பிள்ளையை இழந்த குடும்பத்தினர் துயரத்தோடு முடங்கிவிடவில்லை. அவர்கள் எழுப்பிய குரலின் விளைவாக, அச்சிறுவனின் பெயரால் அழைக்கப்படும் காலெப் சட்டம் 2016 இல் நிறைவேறியது. பல் சிகிச்சையின்போது பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது தொடர்பான விதிகளை மாநிலப் பல் மருத்துவச் சபை ஆராய்ந்து அறிக்கையிட வேண்டும் என்று அச்சட்டம் பணித்தது. மயக்க மருந்து கொடுக்கும் முறையும் கண்காணிக்கும் முறையும் சிகிச்சை செய்பவரையும் இடத்தையும் பொறுத்து வேறுபடும் என்பதைப் பெற்றோரிடம் எழுத்திலேயே தெரிவிக்கவேண்டும் என்றும் அது விதித்தது. அதற்கு முன்னர் இந்த வேறுபாடே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தொடர்ந்து 2018 இல் நிறைவேறி 2022 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம் மேலும் ஒருபடி சென்றது. 7 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆழ்ந்த தணிவோ முழு மயக்கமோ கொடுக்கப்படும்போது, சிகிச்சை செய்யும் வைத்தியருக்குப் புறம்பாகக் குறைந்தது இருவர் முழு நேரமும் அங்கிருக்க வேண்டும். வைத்தியரே மயக்க மருந்தையும் கொடுப்பாரானால், அந்த இருவரில் ஒருவர் பிள்ளையைக் கண்காணிப்பதை மாத்திரமே தனது கடமையாகக் கொண்டிருக்கவேண்டும். அவர் கருவிகளை வாசிக்கவும் அவற்றுக்கேற்பச் செயற்படவும் பயிற்சி பெற்றவராகவும், குழந்தைகளுக்கான உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் உடையவராகவும் இருக்கவேண்டும்.

வேறெந்த வேலையும் இல்லாத ஒருவர் என்ற கோட்பாட்டைச் சட்டம் ஏற்றுக்கொண்டமை பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், குழந்தை மருத்துவர்கள் கேட்டது இதுவல்ல. கண்காணிப்பவர் மயக்கவியலில் முழுமையான பயிற்சி பெற்ற தனியான மருத்துவராகவோ தாதியாகவோ இருக்கவேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகமும் இணைந்து 2019 இல் புதுப்பித்த வழிகாட்டல்கள் அதையே வலியுறுத்தின. பல் சிகிச்சை நிலையத்தில் ஒரு பிள்ளைக்கு ஆழ்ந்த தணிவோ முழு மயக்கமோ கொடுப்பதாயின், சிகிச்சையைச் செய்பவர் அல்லாத, மயக்கம் கொடுப்பதில் தகைமை பெற்ற இன்னொருவர் அங்கிருக்க வேண்டும் என்று அவை கூறின. வழிகாட்டல் வேறு, சட்டம் வேறு. இரண்டுக்கும் இடையிலான அந்த இடைவெளியை நிரப்புவதற்கே உதவியாளர்கள் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

இந்த இடைவெளியை எண்களில் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். அமெரிக்காவில் பல் மருத்துவ மயக்கவியல் 2019 இல் தனிச்சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்பட்டது. அதில் நிபுணராகுவதற்குப் பல் மருத்துவப் பட்டத்தின் பின்னர் மூன்று வருடங்கள் பயிற்சி பெறவேண்டும். மருத்துவத்துறை மயக்கவியல் நிபுணருக்கு மருத்துவப் பட்டத்தின் பின்னர் நான்கு வருடங்கள். கலிபோர்னிய விதிகள் உதவியாளருக்கு விதித்ததோ 110 மணித்தியாலங்கள். உதவியாளரைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதை நான் சொல்லவில்லை. அவர் கற்றதற்கு மேலாக ஒரு சுமையை அவர் தலையில் ஏற்றக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

மாநிலத்திற்கு மாநிலம் நிலைமை வேறுபடுவதையும் கவனிக்கவேண்டும். வாஷிங்டன் மாநிலம் 2012 இல் சட்டமியற்றி, பல் மருத்துவ மயக்க உதவியாளருக்கென்று தனியான சான்றிதழை 2013 ஜூலையிலிருந்து நடைமுறைப்படுத்தியது. அங்கு அவர் வாய் மற்றும் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரின் அல்லது பல் மருத்துவ மயக்கவியல் நிபுணரின் கீழேயே பணியாற்றலாம். நாளத்தில் குழாயைப் பொருத்தவும் அனுமதியுண்டு. 2010 இல் கலிபோர்னியா வகுத்த கடமைப் பட்டியலில் குழாயை அகற்றுவது இருந்தது, பொருத்துவது இருக்கவில்லை. தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் தேசியச் சங்கம் உதவியாளர்களுக்கென்று நாடளாவிய சான்றிதழ்ப் பரீட்சை ஒன்றையும் நடத்துகிறது. ஒரே தொழில், ஆனால், மாநில எல்லையைத் தாண்டினால் கடமையும் தகைமையும் மாறிவிடுகின்றன. பிள்ளையின் மூச்சுப்பாதை மாத்திரம் எல்லா மாநிலங்களிலும் ஒன்றே தான்.

மறுபக்கத்தின் நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனியான மயக்கவியல் நிபுணரை அழைப்பதென்றால் செலவு பெருகும். வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் வலியோடு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். சீழ்பிடித்த பல்லும் உயிராபத்தை விளைவிக்கக்கூடியதே என்று தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் வாதிடுகிறார்கள். தங்களது குழுமுறை பல தசாப்தங்களாகப் பெரும்பாலும் பாதுகாப்பாகவே இயங்கிவந்திருக்கிறது என்பதும் அவர்களது வாதம். இவை உதறித்தள்ளக்கூடிய வாதங்களல்ல.

இதற்கு இங்கிலாந்தின் அனுபவம் நல்ல உரைகல். அங்கும் பல் வைத்தியரின் நாற்காலியிலேயே முழு மயக்கம் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. மரணங்கள் எழுப்பிய கவலையையடுத்து 1990 இல் வெளியான பொஸ்வில்லோ அறிக்கை கடுமையான நிபந்தனைகளைச் சிபாரிசு செய்தது. பொதுப் பல் மருத்துவச் சபை 1998 இல் விதிகளை இறுக்கியது. இறுதியாக, 2001 டிசெம்பர் 31 ஆம் திகதிக்குப் பின்னர் பல் சிகிச்சைக்கான முழு மயக்கம், தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைகளில் மாத்திரமே கொடுக்கப்படலாம் என்றானது. விலை இல்லாமலில்லை. அண்மைய வருடங்களில் 5 முதல் 9 வயது வரையான பிள்ளைகள் இங்கிலாந்து மருத்துவமனைகளில் அனுமதிக்கப்படுவதற்கான காரணங்களில் பற்சொத்தை முதலிடத்தில் நின்றிருக்கிறது. காத்திருப்போர் பட்டியலும் நீண்டது. ஆனாலும், அந்த விலையைக் கொடுப்பதென்று ஒரு நாடு தெரிந்தே முடிவெடுத்தது. பட்டியல் நீண்டால் மருத்துவமனைகளைப் பெருக்கலாம், சொத்தையைத் தடுக்கலாம். போன உயிரை எதைக்கொண்டு ஈடுசெய்வது?

மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகைத்துறையில் கற்ற ஒன்றை இங்கு சொல்லலாம் என்று நினைக்கிறேன். எமது காரியாலயங்களில் ஒப்புநோக்காளர் என்றொருவர் இருப்பார். கட்டுரையை எழுதியவர் எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும், அவரது பிழை அவரது கண்ணுக்குத் தெரியாது. தான் எழுத நினைத்ததையே அவரது கண் வாசிக்கும். எழுதாதவரின் கண் வேண்டும். அதேவேளை, ஒப்புநோக்காளர் பிழையைக் கண்டபோதிலும் ஆசிரியரிடம் சொல்லத் தயங்கினால், அவர் இருந்தும் பயனில்லை. அப்படித் தயங்கி நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன். சம்பளம் கொடுப்பவரின் வாக்கியத்தைத் திருத்துவது எவருக்கும் இலகுவான காரியமல்ல. பத்திரிகையில் அதன் விளைவு மறுநாள் வெளியாகும் ஒரு திருத்தக் குறிப்பு. பல் வைத்தியரின் அறையில் அதன் விளைவு வேறு.

உதவியாளர் வைத்தியரால் வேலைக்கு அமர்த்தப்பட்டவர். அவரது சம்பளமும் நாளைய வேலையும் அந்த வைத்தியரின் கையிலேயே தங்கியிருக்கின்றன. "ஐயா, பிள்ளை மூச்சுவிடவில்லை, நிறுத்துங்கள்" என்று உரத்துச் சொல்லும் துணிவை 110 மணித்தியாலப் பாடநெறியால் மாத்திரம் ஊட்டிவிட முடியாது. அதைச் சட்டம் தான் ஊட்டவேண்டும். அனுமதிப்பத்திரத்தில் உதவியாளர் செய்யக்கூடியவையும் செய்யக்கூடாதவையும் விபரமாகப் பட்டியலிடப்பட்டன. அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தியாகவேண்டும் என்ற ஒரு வரியை அப்பட்டியலில் நான் காணவில்லை.

எனவே, எனது நிலைப்பாடு இதுதான். அனுமதிப்பத்திரம் அவசியமானது, பயிற்சி பெறாத ஒருவர் ஊசிக்குழாயைத் தொடும் நிலையைவிட அது எவ்வளவோ மேலானது. வளர்ந்தவர்களின் சிகிச்சையில், பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் கண்காணிப்பை மாத்திரமே கடமையாகக் கொண்டு நிற்பாரானால், குழுமுறையை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால், அவருக்கு நிறுத்தச்சொல்லும் உரிமையும், அவ்வாறு சொன்னதற்காக வேலையை இழக்காத பாதுகாப்பும் சட்டத்தில் எழுதப்படவேண்டும். சிறுபிள்ளைகளைப் பொறுத்தவரையில், எந்த உதவியாளரும் தனியான மயக்கவியல் நிபுணருக்கு மாற்றீடாக முடியாது. அந்தச் செலவைக் குடும்பங்களின் தலையில் சுமத்தாமல் காப்புறுதியும் அரசாங்கமும் ஏற்கவேண்டும். செலவைக் காரணங்காட்டிப் பாதுகாப்பைக் குறைப்பது, வறியவர்களுக்குச் சிகிச்சையை எட்டச்செய்வதாகாது. வறியவர்களுக்கு ஆபத்தை எட்டச்செய்வதாகவே முடியும்.

சட்டங்கள் திருந்தும் வரை பெற்றோர் காத்திருக்க முடியாது. உலகின் எந்த நகரில் வாழ்ந்தாலும், பிள்ளையைப் பல் சிகிச்சைக்காக மயக்கப்போகிறோம் என்று சொல்லப்படும்போது நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்த மயக்கம் உண்மையில் அவசியமா, விறைப்பு ஊசியோடு அல்லது நைட்ரஸ் ஒக்சைட்டோடு சமாளிக்க முடியாதா? மயக்க மருந்தைக் கொடுப்பவர் யார், சிகிச்சை செய்பவரும் அவரே தானா? பிள்ளையை மாத்திரம் பார்த்துக்கொண்டிருப்பவர் யார், அவரிடம் என்ன பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் இருக்கின்றன? மூச்சு நின்றால் இந்த அறையில் என்ன செய்வீர்கள்?

எம்மவர் மத்தியில் வைத்தியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஆழ வேரூன்றியிருக்கிறது. கல்வியறிவும் வசதியும் உள்ளவர்கள் கூட வெள்ளை மேலங்கியைக் கண்டதும் வாயடைத்துப் போவதுண்டு. நல்ல வைத்தியர் இக்கேள்விகளால் கோபமடையமாட்டார். பொறுமையோடு பதில் சொல்லுவார். கோபமடைபவரிடம் உங்கள் பிள்ளையை மயக்கத்தில் ஆழ்த்த அனுமதிக்காதீர்கள். அவர் நாளை தனது உதவியாளரின் குரலுக்கும் செவிசாய்க்கமாட்டார்.